தட்டின் அடிப்பக்கம்

வலம்புரித்துறை நூலகத்தில் முதலில் தெரிந்தது கை அல்ல, கால். முத்துக்குளித்த காலத்தில் எவனோ ஒருவன் மூச்சை அடக்கி மிதித்து நின்றபடி கடலடிக்கு இறங்கிய கல் ஒன்று அங்கே கண்ணாடி அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துச் சுழலும் பலகையின் மேல் வைத்து, கொஞ்சம் திருப்பி ஒரு படம், இன்னும் கொஞ்சம் திருப்பி இன்னொரு படம் என்று சுற்றிலும் எடுத்து, எடுத்த படங்களையெல்லாம் கணினிக்குள் விட்டு, கணினி அவற்றை ஒன்றோடொன்று தைத்து முடித்தபோது, திரையில் அந்தக் கல் நின்றது, கல்லின் மேல் ஒரு கால் நின்றது, உப்பில் கறுத்து, பெருவிரலும் அடுத்த விரலும் கயிற்றைக் கவ்விப் பிடித்தபடி, கணுக்காலுக்கு மேலே ஒன்றுமில்லாமல்.

"இது யாரோட கால்?" என்று கேட்டான் மகிழ்நன். மின்நூலகத்துக்காகப் படமெடுக்கச் சென்னையிலிருந்து கேமராவும் விளக்குகளுமாக வந்திருந்தவன் அவன்.

"எங்க ஊர்க் காலுதான் தம்பி," என்றாள் பவுலினாள். "விரலப் பாத்தா தெரியலியா?"

நூலகத்தில் தூசி தட்டி, புத்தகம் அடுக்கி, சாவி வைத்திருந்தவள் அவள்தான். வலம்புரித்துறை நூலகத்தில் புத்தகங்களைவிடப் பொருள்கள் அதிகம். உப்புக் காற்று தாளைத் தின்றுவிடும் என்று தெரிந்ததாலோ என்னவோ, சங்கு வியாபாரிகள் கட்டிக்கொடுத்த அந்தக் கட்டடத்துக்கு ஊர்க்காரர்கள் காலங்காலமாகத் திசைகாட்டியும், தோணியின் பெயர்ப்பலகையும், துடுப்பும், கடல் விளக்கும், கோவில் மணியின் உடைந்த நாக்குமாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தால் போதும், பொருளை அப்படி எடுக்க முடியாது, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் அதைத் திரையில் விரலால் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, மகிழ்நன் அவளுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தான். பளபளப்பான பொருளைக் கேமராவால் பார்க்க முடியாது, அதன்மேல் மெல்லியதாக முகப்பவுடர் தூவ வேண்டும். சுற்றிலும் எடுத்து முடித்ததும் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கமும் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் திரையில் அந்த உருவத்தின் அடியில் ஓர் ஓட்டை விழும், கறுப்பாக, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது மாதிரி.

காலுக்குப் பிறகு கைகள் வந்தன. துடுப்பை எடுத்தால் துடுப்பைப் பிடித்த கைகள், விளக்கை எடுத்தால் விளக்கைத் தூக்கிய கை. மணிக்கட்டு வரைக்கும்தான் வரும். சென்னையில் இருந்தவர்கள் அதைக் கணினியின் கோளாறு என்று நினைத்துத் துடைத்தார்கள். துடைத்த இடத்தில் மறுநாள் காலை வியர்வை பூத்தது மாதிரி விரல்கள் திரும்ப வந்து நின்றன. மறுபடி துடைத்தார்கள், மறுபடி வந்தன. அப்புறம் அவர்களும் வேறு வேலை உள்ளவர்கள்தானே, ஒவ்வொரு பொருளுக்கும் கீழே இரண்டு பொத்தான்களை வைத்தார்கள். ஒன்றில் 'கையோடு' என்றும் மற்றதில் 'கை இல்லாமல்' என்றும் எழுதி, அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

ஊர் அதைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டது. செத்துப்போனவர்களின் கைதான் வரும், இருக்கிறவர்களின் கை வராது என்பதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குழம்புக் கரண்டியும் சவரக் கத்தியும் செபமாலையுமாக ஜனங்கள் நூலக வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு வீட்டுக் கரண்டியின் காம்பில் மாமியாருக்கு மேல் மாமியாராகக் கைகள் அடுக்கி நிற்பதைப் பார்த்த மருமகள், "எல்லா எடத்தையும் இவளுவளே பிடிச்சிட்டாளுவ, நான் எங்க பிடிக்க?" என்று சத்தம் போட்டாள். தொபியாஸ் வாத்தியாரின் பிரம்பு திரையில் வந்து, அதைப் பிடித்த கையும் வந்தபோது, பேரன் பேத்தி எடுத்த விசைப்படகு முதலாளிகள் தங்களை அறியாமல் உள்ளங்கைகளைக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டார்கள். "ஏல, இன்னும் கோவமாத்தாம்ல இருக்காரு" என்று ஒருவர் முணுமுணுத்தார். சூசைமரியானின் சீட்டுக்கட்டைப் பொத்திப் பிடித்த கை வந்தது. உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்க விடாதவர் இப்போதும் விடவில்லை என்று கூட்டாளிகள் சொல்லிச் சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் ஒருவர் பின் ஒருவராக மூக்கைச் சிந்தினார்கள்.

திரையை முத்தமிட்டார்கள். படிந்த எச்சிலை ஒவ்வொரு சாயங்காலமும் பவுலினாள் பழைய துணியால் துடைத்தாள். பங்குச் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை இது கூடுமா கூடாதா என்று பிரசங்கம் வைத்தார், கூடாது என்ற பக்கமாகச் சாய்ந்து முடித்தார், அந்த வாரமே தன் அம்மாவின் வெற்றிலைப் பெட்டியைச் சாக்குப் பையில் சுற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். வயதானவர்கள் நகத்தை ஒழுங்காக வெட்டத் தொடங்கினார்கள். தனக்கென்று ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, வருகிறவர்கள் பார்த்தால் நன்றாக இருக்கும்படி அதைப் பிடித்துப் பிடித்துப் பழகினார்கள். பிள்ளைகள் அவர்களிடம், "இப்படிக் கெட்டியாப் பிடிக்காதிய, கோவக்காரர்னு நெனைப்பாவ" என்று திருத்தினார்கள்.

பயம் வந்தது தையற்காரர் புஷ்பராசனின் கத்தரிக்கோலோடு. நெஞ்சுவலி என்று அவரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் பெண்சாதி வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தாள். சுற்றிலும் எடுத்து, கவிழ்த்து எடுத்து, திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், வெறும் இரும்பு. அவள் அந்தோணியாருக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு மீன் வாங்கப் போனாள். மத்தியானம் பவுலினாள் ஏதோ நினைப்பில் அந்தக் கத்தரிக்கோலை மறுபடி திறந்தபோது, அதன் வளையத்துக்குள் ஒரு கட்டைவிரல் நுழைந்திருந்தது. அவள் திரையை அணைத்தாள். யாரிடமும் போகவில்லை. தெருவில் புஷ்பராசன் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கிளம்பும் வரைக்கும், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து ஊரார் நூலகத்தைப் பார்த்து நடக்கும்போது குரலைத் தாழ்த்தினார்கள். துபாயில் இருக்கும் மகனின் பந்தையோ, சண்டை போட்டுக்கொண்டு போன அண்ணனின் புல்லாங்குழலையோ கொண்டுவருகிறவர்கள் வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். சிலர் வாசல் வரைக்கும் வந்து திரும்பினார்கள்.

பவுலினாளின் கதை எல்லோருக்கும் தெரியும். அவள் புருஷன் இஞ்ஞாசி, மகள் ஜெனோவா தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், இன்னும் மூன்று பேரோடு கடலுக்குப் போனவன். புயல் அடித்து ஓய்ந்த பிறகு தோணியின் பலகை கரை ஒதுங்கியது, ஆட்கள் ஒதுங்கவில்லை. மற்ற மூன்று வீட்டிலும் ஒரு வருஷம் பார்த்துவிட்டு, வெறும் சவப்பெட்டியை வைத்துப் பூசை கொடுத்து, துக்க மணி அடித்துத் தாலியைக் கழற்றினார்கள். பவுலினாள் மணி அடிக்கச் சொல்லவில்லை. கொச்சித் துறைமுகத்தில் இஞ்ஞாசி மாதிரி ஒரு ஆளைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான், மாலத்தீவுச் சிறையில் தமிழாட்கள் இருப்பதாக ஒருவன் சொன்னான். கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவர்த்தியோடு போகும்போது அவள் மட்டும் வீட்டு முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். கைகள் வரத் தொடங்கியதும் அந்த மூன்று வீட்டாரும் வந்து பார்த்தார்கள். மூன்று வீட்டுக்கும் கை வந்தது. அவர்களில் ஒருத்தியான ரெஜினாள், தன் புருஷனின் விளக்கைப் பிடித்த கையைப் பார்த்து அழுது முடித்துவிட்டு, பவுலினாளைப் பார்த்தாள்.

"மதினி, நீங்க வச்சுப் பாக்கலியா?"

"அவுக பொருளு வீட்டுல என்ன இருக்கு? எல்லாந்தான் தோணியோட போச்சே."

அது பொய். அரிசிப் பானைக்குப் பின்னால் துணியில் சுற்றி இஞ்ஞாசியின் சாப்பாட்டுத் தட்டு இருந்தது. வெள்ளை எனாமல், விளிம்பில் நீலக் கோடு, ஒரு இடத்தில் ஜெனோவா தவழும்போது இழுத்துப் போட்டதில் பெயர்ந்த கறுப்பு. அவனைத் தவிர யாரும் அதில் சாப்பிட்டதில்லை. இன்னொன்றும் யாருக்கும் தெரியாது, அவள் அதைப் படமெடுத்துவிட்டிருந்தாள். கைகள் வரத் தொடங்கிய முதல் வாரத்தில், மகிழ்நன் சாப்பிடப் போன நேரம், கதவைச் சாத்திவிட்டு, குழந்தைக்குப் பூசுகிற மாதிரி தட்டுக்குப் பவுடர் பூசி, சுற்றிலும் எடுத்தாள். திரையில் தட்டு வந்தது. விளிம்பு வந்தது, நீலக் கோடு வந்தது, பெயர்ந்த கறுப்பு வந்தது, கை வரவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. இனி கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் எடுக்க வேண்டும் என்று தட்டைத் தூக்கியபோதுதான், அவன் சாப்பிடுகிற விதம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

இஞ்ஞாசி உட்கார்ந்து சாப்பிடுகிறவன் அல்ல. சோற்றைப் போட்டுக் கொடுத்ததும் முற்றத்துக்குப் போய் நின்றுகொள்வான். கடலைப் பார்த்து நின்று, தட்டை இடது உள்ளங்கையில் ஏந்தி, ஒரு விரல் நுனிகூட விளிம்புக்கு மேலே வராமல், வலது கையால் பிசைந்து தின்பான். தட்டு அந்தக் கையில் இருக்கிறதா மிதக்கிறதா என்று தெரியாது. கை வருவதாக இருந்தால் அடியில்தான் வரும்.

அவள் தட்டைக் கவிழ்க்கவில்லை. பவுடரைத் துடைத்து, துணியில் சுற்றி, வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். அடியில் கறுப்பு ஓட்டையோடு நின்ற அந்த உருவத்துக்குச் 'சோதனை' என்று பெயர் கொடுத்து கணினியின் ஒரு மூலையில் வைத்தாள். அதற்குப் பிறகு ஊரில் உள்ள ஒவ்வொருவரிடமும், "அடிப்பக்கம் எடுக்காம முடியாது, கவுத்துங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒருநாளும் அந்த மூலைக்குப் போகவில்லை. கத்தரிக்கோலுக்குப் பிறகு அந்த மூலை இருக்கிற பக்கம் பார்ப்பதுகூட இல்லை.

இப்படியே போயிருக்கும், ஜெனோவாவுக்குக் கல்யாணம் கூடிவராமல் இருந்திருந்தால். மாப்பிள்ளை பக்கத்து ஊர், பெயர் ரெமிஜியுஸ், ஐஸ் கம்பெனியில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் என்று. பங்குச் சாமியார் தாயையும் மகளையும் அழைத்து உட்காரவைத்து, மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பவுலினா, ஓலையில எப்படி வாசிக்கட்டும்? இஞ்ஞாசி மகள்னா, காலஞ்சென்ற இஞ்ஞாசி மகள்னா?"

"இஞ்ஞாசி மகள்னு வாசிங்க சாமி."

"வாசிச்சா, தகப்பன் கல்யாணப் பூசைக்கு வருவாரான்னு சம்பந்தக்காரவுக கேப்பாவ."

ஜெனோவா எழுந்து வெளியே போனாள். மறுநாள் காலை, நூலகம் திறந்ததும், அவள் துணியில் சுற்றிய தட்டோடு உள்ளே வந்து, மேசைமேல் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கணினியில் நேராக அந்த மூலைக்குப் போய்ச் 'சோதனை'யைத் திறந்தாள்.

"இது நம்ம வீட்டுத் தட்டுதான?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"போன மாசம் மழைக்கு ஒதுங்கி இங்க சும்மா ஒக்காந்திருந்தம்லா, அப்பமே பாத்தேன். நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்." ஜெனோவா தட்டைத் திரையில் புரட்டினாள், கறுப்பு ஓட்டை மேலே வந்தது. "அடிப்பக்கம் எங்க?"

"எடுக்கல."

"ஊரெல்லாம் கவுத்து, கவுத்துன்னு சொல்லுத. நம்மளுத மட்டும் எடுக்கல."

"கை வந்தா ஒங்கப்பா இல்லன்னு ஆயிரும்டி."

"இப்ப மட்டும் அப்பா எங்க இருக்காவ?" என்றாள் ஜெனோவா. குரல் உடையவில்லை, அதுதான் பவுலினாளைப் பயமுறுத்தியது. "நீ அவுக முகத்தப் பாத்திருக்க. சோறு போட்டிருக்க, சண்ட போட்டிருக்க. எனக்கு ஒண்ணுமில்ல. தெருவுல போறவன் வாறவன் எல்லாம் பூட்டன் கை, பாட்டன் கைன்னு பாத்து அழுதுட்டுப் போறான். எங்கப்பா கை தடியா ஒல்லியான்னுகூட எனக்குத் தெரியாது."

"கை வராட்டி?"

"வராட்டி எங்கயோ ஒரு எடத்துல நின்னுக்கிட்டுச் சோறு திங்காவ. நல்லா இருக்கட்டும். கல்யாணத்துக்கு வரலியேன்னு நான் ஆயுசுக்கும் ஏசிக்கிட்டே இருப்பேன். அதுவும் எனக்கு ஒரு அப்பாதான்."

பவுலினாள் தட்டைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, மெதுவாக மடித்து வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே வலை காயவைக்க வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். மீன்கூடையோடு போன ரெஜினாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். யாரும் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை, ஆனாலும் ஜன்னல் நிறைந்தது. பவுலினாள் பவுடர் டப்பாவை எடுத்தாள். தட்டின் அடிப்பக்கத்தில் தூவி, உள்ளங்கையால் பரப்பி, ஊதி, சுழலும் பலகையின் மேல் கவிழ்த்து வைத்தாள். கொஞ்சம் திருப்பி ஒரு படம், இன்னும் கொஞ்சம் திருப்பி ஒரு படம். ஒவ்வொரு தடவையும் அவள் கை தட்டில் பட்டும் படாமலும் பலகையைத் திருப்பியது, தூங்குகிற ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பது மாதிரி.

கணினி தைக்கத் தொடங்கியது. அது எப்போதும் மெதுவாகத்தான் தைக்கும், அன்றைக்கும் மெதுவாகத்தான் தைத்தது. வெளியே காகம் கத்தியது, தூரத்தில் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது, ஜன்னலில் ஒருவர் இருமிவிட்டு, இருமியதற்காக மற்றவர்களைப் பார்த்தார். கறுப்பு ஓட்டையின் ஓரங்கள் முதலில் வெள்ளையாயின. பிறகு வெள்ளை உள்நோக்கி வளர்ந்தது. வளர்ந்து நடுவில் வந்தபோது அது வெள்ளையாக இல்லை.

உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது. தட்டின் வட்டத்துக்குள்ளேயே அடங்கி, ஐந்து விரலும் பரந்து, எதையும் இறுக்காமல். ஆள்காட்டி விரலில் தூண்டில் நரம்பு அறுத்த பழைய தழும்பு. சுண்டுவிரல் உள்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருந்தது.

ஜெனோவா தன் இடது கையைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்தாள். அவளுடைய சுண்டுவிரலும் அப்படித்தான் வளைந்திருந்தது. சின்ன வயதில் எங்கோ விழுந்ததில் அப்படி ஆனது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறாகி, நாற்காலியிலிருந்து சரிந்து, ரெஜினாளின் மடியில் போய் விழுந்தாள்.

பவுலினாள் அழவில்லை. திரையை நெருங்கி அந்தக் கையைப் பார்த்தாள். தோல் சுருங்கியிருக்கிறதா என்று பார்த்தாள், ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். இது புயல் அன்றைக்கு வந்த கையா, கொச்சியில் கிழடாகி, போன மாசம் வந்த கையா, தான் பலகையைத் திருப்பிக்கொண்டிருந்த இந்தக் காலையில்தான் வந்த கையா? கை யாருடையது என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோவிலுக்கு நடந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது, பிறகு பின்னால் நடந்தது.

"துக்க மணி அடிக்கச் சொல்லுங்க சாமி."

பங்குச் சாமியார் எழுந்து நின்றுவிட்டார். மெதுவாக, "எந்தத் தேதின்னு குறிக்கட்டும் பவுலினா? புயல் அடிச்ச தேதியா?" என்று கேட்டார்.

"இல்ல சாமி. இன்னைக்கு."

"இன்னைக்கா?"

"இன்னைக்குக் காலையில. அதுவரைக்கும் இருந்தாவ. நாந்தான வச்சிருந்தேன், எனக்குத் தெரியாதா?"

சாமியார் அன்றைய தேதியையே எழுதினார். மணி அடித்தது. மணி அடித்ததும் ஊர் அன்றைக்குச் செத்தவனுக்கு என்ன செய்யுமோ அதைச் செய்தது. கடைகள் பாதிக் கதவை இழுத்தன, அன்று மத்தியானம் தோணிகள் இறங்கவில்லை, பவுலினாள் வீட்டு அடுப்பு எரியவில்லை, பக்கத்து வீடுகளிலிருந்து கடுங்காப்பி வந்தது. ஆண்கள் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் "எப்ப?" என்று கேட்டார்கள், "காலையில" என்று பதில் சொன்னார்கள். கிழவர் ஒருவர் எல்லாச் சாவு வீட்டிலும் சொல்வது போல, "நேத்துக்கூட நல்லாத்தான இருந்தாரு" என்று சொல்லி, சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சரிதானே என்று தலையை ஆட்டினார்கள். ரெஜினாள்தான் பவுலினாளின் தாலியைக் கழற்றினாள், கழற்றும்போது கயிற்றில் மஞ்சள் புதிதாக இருந்தது.

அந்த ஞாயிறு, கோவிலில், காலஞ்சென்ற இஞ்ஞாசியின் மகள் ஜெனோவாவுக்கும் என்று ஓலை வாசித்தார்கள். அதற்குள் தட்டின் பெயர் 'சோதனை' என்பதிலிருந்து மாறியிருந்தது, ஜெனோவா மாற்றியிருந்தாள். 'அப்பாவின் தட்டு' என்று போட்டு, சென்னைக்கு அனுப்பியிருந்தாள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதைத் திறந்து, 'கையோடு' என்ற பொத்தானை அழுத்தி, புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் மணி அடித்த அன்றைக்குச் சாயங்காலம் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. ரெஜினாள் வீட்டிலிருந்து சோறும் பருப்புக் குழம்பும் வந்தன. எல்லோருக்கும் இலை போட்டார்கள். பவுலினாள் இலையில் உட்காரவில்லை. நீலக் கோட்டில் இன்னும் பவுடர் ஒட்டியிருந்த தட்டைக் கழுவாமல் எடுத்து நீட்டினாள், ரெஜினாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதிலேயே சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றினாள்.

"ஒக்காந்து சாப்பிடுங்க மதினி. காலையிலேருந்து நிக்கிய."

"இருக்கட்டும். நின்னே சாப்பிடுதேன்."

அவள் முற்றத்துக்குப் போனாள். உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்து ஒதுங்கினார்கள். கடலைப் பார்த்து நின்று, இடது உள்ளங்கையை விரித்து, தட்டின் அடியில் கொடுத்து, மற்றக் கையால் சோற்றைப் பிசைந்தாள். விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்த தட்டு. நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காதவளின் அந்த ஒற்றைக் கையில் அது ஆடவில்லை. கனக்கவும் இல்லை.